பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில்: சேலத்தில் ஒரு வாரம்

ஞாயிறு இரவு, சேலம்

இந்த வாரம் முழுக்கச் சேலத்தில்தான் இருக்கப் போகிறேன். அன்றன்று நடந்ததை ராத்திரி ரூமுக்கு வந்ததும் எழுதிவிடலாம் என்று எண்ணம். வந்த வேலை இதுதான்: ஒரு அறக்கட்டளை சார்பில், சேலத்தை ஒட்டிய ஒரு பார்ஸ்டல் பள்ளியில் இருக்கும் பையன்களுக்கு டூவீலர் ரிப்பேர் சொல்லிக்கொடுக்க வேண்டும். பார்ஸ்டல் பள்ளி என்றால், 18 முடிந்து 21 ஆகாத வயதில் வழக்கில் சிக்கியவர்களைப் பெரிய கைதிகளோடு சேர்க்காமல் தனியாக வைக்கிற இடம். சிறைத்துறையின் கீழ்தான் வரும். பெயர் பள்ளி, சுவரும் கேட்டும் ஜெயில்.

எந்த இடம், யார் அதிகாரி என்பதெல்லாம் எழுத மாட்டேன். பையன்களின் பெயர், ஊர், முகம் எதுவும் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்காவிட்டாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். இருபது வயதில் ஒரு கேஸோடு சேர்ந்து பெயர் இணையத்தில் ஏறிவிட்டால், நாற்பது வயதில் மகளுக்குப் பள்ளிக்கூட சீட் கேட்டுப் போகும்போதும் அது கூடவே வரும்.

திருச்சியிலிருந்து முசிறி, தொட்டியம், நாமக்கல், ராசிபுரம் வழியாக பஸ். தொட்டியம் தாண்டுகிற வரைக்கும் காவிரியும் வாழைத்தோப்பும் கூடவே வந்தன. நாமக்கல்லை நெருங்கினால் வேறு உலகம்: ரோட்டின் இரண்டு பக்கமும் லாரி பாடி கட்டும் பட்டறைகள், ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கிறது. அங்கே சட்டையெல்லாம் கிரீஸோடு நிற்கிறவர்களில் பாதிப் பேர் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள். நாளைக்கு நான் பார்க்கப் போகிறவர்களும் அதே வயதுதான் என்று ராசிபுரம் வருகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். ஒரு நல்ல பட்டறை, திட்டினாலும் சோறு போடுகிற ஒரு முதலாளி, பதினாறு வயதில் இது கிடைத்தவன் இந்தப் பக்கம். கிடைக்காதவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் போவதில்லை, ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் கிடைக்காதவர்கள்.

புது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம். ராத்திரிக்கு இரண்டு தட்டுவடை செட், ஒரு டீ. பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டு, மேலே சட்னி தடவி, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கொடுத்தார் அந்த அக்கா. சேலத்துக்கு வந்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

திங்கள்

கேட்டில் முதல் வேலை எண்ணுவது. நான் கொண்டுபோன சாமான்களின் பட்டியலை முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்கியிருந்தோம். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து, சைஸ் படித்து, ரிஜிஸ்டரில் எழுதினார்கள். ரிங் ஸ்பேனர், டி ஸ்பேனர், பாக்ஸ் செட், பிளையர். மெல்லிய முனை ஸ்க்ரூடிரைவரை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். கூர்முனை உள்ளே போகக் கூடாது. போன் வெளியே, பர்ஸ் வெளியே. சாயங்காலம் திரும்பும்போது இதே எண்ணிக்கை மறுபடியும் நடக்கும், ஒன்று குறைந்தாலும் யாரும் அந்த ஹாலை விட்டு நகர முடியாது.

சாலை மாதிரி நீளமான ஒரு அறை, நடுவில் இரண்டு பழைய ஸ்ப்ளெண்டர் இஞ்சின், ஒரு முழு வண்டி. பையன்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நான் யாரிடமும் என்ன கேஸ் என்று கேட்பதில்லை. பெயரைக் கேட்பேன், எந்தப் பட்டறையிலாவது இருந்திருக்கிறாயா என்று கேட்பேன், அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டபோது தெரிந்தது: வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருந்தவர்கள் இருக்கிறார்கள், தறி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள், லாரி கிளீனராகப் போனவர்கள், கேட்டரிங்கில் இலை எடுத்தவர்கள். எட்டாவதுக்கு அப்புறம் பள்ளிக்கூடம் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த மாதிரி ஒரு இடம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேருக்கு இது இருப்பதே தெரியாது. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் பார்ஸ்டல் என்று ஒரு கிராமம், அங்கிருந்த சிறையில் 1902-ல் வாலிபர்களைத் தனியாகப் பிரித்து, தொழிலும் படிப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது சிறைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஈவ்லின் ரகிள்ஸ்-பிரைஸ். 1908-ல் அங்கே அது சட்டமானது. இங்கே 1919-20-ல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் இந்தியச் சிறைக் குழு என்று ஒன்று நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, கைதியைத் தண்டித்தால் மட்டும் போதாது, திருத்தி அனுப்ப வேண்டும் என்று எழுதியது. கார்டியூ மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த ஆள்தான். நாட்டிலேயே முதல் சிறுவர் சட்டத்தை 1920-ல் கொண்டுவந்ததும் மதராஸ். அதையொட்டி 1925-ல் வாலிபர்களுக்கான பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் 1982-லேயே பார்ஸ்டல் முறையை எடுத்துவிட்டார்கள். நம்மிடம் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது.

இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் எழுதியவர்கள் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்குக் குறையாமல், ஐந்து வருடத்துக்கு மிகாமல், எப்படியும் 23 வயதைத் தாண்டாமல் வைத்திருந்து, தொழில் கற்றுக்கொடுத்து, ஒழுங்காக இருந்தால் நிபந்தனையோடு முன்கூட்டியே வெளியே விடலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு வருடம் என்பது ஒரு தொழிலைக் கையில் பிடிக்கிற காலம். என் பட்டறையில் ஒரு பையன் தனியாக இஞ்சின் இறக்க அவ்வளவு நாள் ஆகிறது.

செவ்வாய்

இன்றைக்கு கார்புரேட்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற பாகம். எனக்கு மிகவும் பிடித்த பாடம். கைக்கு அடக்கமான பொருள், ஆனால் வண்டி ஓடுவதும் நிற்பதும் அதில் இருக்கிற ஒரு ஊசித் துளையில்.

கிண்ணத்தைக் கழற்றியாச்சு, மிதவை எடுத்தாச்சு, மெயின் ஜெட் எடுத்தாச்சு. ஜெட் என்றால் பெட்ரோல் போகிற துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகு. அடுத்து பைலட் ஜெட். அது ஒரு குழிக்குள் இறங்கியிருக்கும், மெல்லிய ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் வராது. அதுதான் உள்ளே வரக் கூடாத சாமான். பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஓரமாக நின்றுகொண்டிருந்த வார்டரிடம் போய்க் கேட்டேன். ரிட்டயர் ஆகப் போகிற வயது, காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர். "பசங்க கையில குடுக்க முடியாதுங்க மாஸ்டர். வேணும்னா நானே கழட்டித் தர்றேன்" என்றார். கேட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் இல்லை. கொலுசுப் பட்டறையில் இருந்த பையன். "அய்யா, நேரா வெச்சு நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் திருப்புங்க. பித்தளைங்க அய்யா, வழுக்குச்சுன்னா காடி மழுங்கிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது." நேற்று நான் சொன்னது பாதி. மீதி அவனாகவே வெள்ளியில் கற்றுக்கொண்டது. வார்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார், ஜெட் அசைந்தது, இரண்டு சுற்றில் உள்ளங்கையில் விழுந்தது.

பழைய பெட்ரோல் காய்ந்து அடைத்திருந்தது. ஒருவன் கிளட்ச் கேபிளிலிருந்து ஒரு இழையை உருவிக் குத்தப் போனான். எல்லாப் பட்டறையிலும் செய்வதுதான், நான் விடவில்லை. கம்பி பட்டால் துளை பெரிதாகும், மைலேஜ் போய்விடும், வண்டிக்காரன் ஒரு வருடம் கழித்து பெட்ரோல் குடிக்கிறது என்று வந்து நிற்பான். பெட்ரோலில் ஊறப்போட்டு, ஊதி, திரும்ப ஊறப்போட்டு, திரும்ப ஊதி, கடைசியில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது நடுவில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒவ்வொருத்தனாக வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். வார்டரும் வாங்கிப் பார்த்தார்.

பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. "என் வண்டியும் காலையில சோக் போடாம எடுக்க மாட்டேங்குது, ரெண்டு கிலோமீட்டர் போன அப்புறம்தான் சரியாவுது" என்றார். பையன் யோசிக்கவே இல்லை: "இதே ஜெட்டுதாங்க அய்யா. ஐடிலிங்கும் நிக்காதே?" நிற்காது என்றார். "அப்ப இதேதான்."

அந்தப் பையன் கேட்டது என்ன கேள்வி என்று மெக்கானிக்குகளுக்குப் புரியும். ஒரு குறையைச் சொன்னால், அதற்குத் துணையாக இருக்க வேண்டிய இன்னொரு குறையைக் கேட்டு உறுதி செய்வது. இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, சிலருக்கு வரும். அவனுக்கு வருகிறது.

மத்தியானம் பிஎஸ்-6 வண்டி, அதாவது புதுப் புகை விதிக்கு ஏற்ப வந்தது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரே கிடையாது, இஞ்செக்‌ஷன், சென்சார். ஸ்கேனர் உள்ளே கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை, படம் வரைந்துதான் விளக்கினேன். இது பெரிய குறை. இனிமேல் தெருவில் வரப்போகும் வண்டி பெரும்பாலும் அதுதான்.

புதன்

காலையில் போனால் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வாய்தா. சிலருக்குக் கோர்ட்டில் நேராக, சிலருக்கு வீடியோவில். ரிமாண்டை நீட்டிப்பதற்காக ஒரு திரைக்கு முன்னால் நிற்க வேண்டும், ஒரு நிமிஷம் கூட ஆகாது, ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்காகக் காலை முழுக்க வரிசையில் காத்திருக்க வேண்டும்.

எனக்கு இந்த வாரம் மனதில் அடைத்துக்கொண்டிருக்கிற விஷயம் இதுதான். 1925 சட்டம் சொல்கிற இரண்டு வருடம், ஐந்து வருடம் எல்லாம் குற்றம் நிரூபணமானவனுக்கு. என் வகுப்பில் இருக்கிறவர்கள் விசாரணைக் கைதிகள். இன்றைக்கு இருப்பான், நாளைக்கு ஜாமீன் வரும், போவான். அல்லது வராது, மாதக் கணக்கில் இருப்பான். எத்தனை நாள் இருப்போம் என்று அவனுக்கும் தெரியாது, சொல்லிக்கொடுக்கிற எனக்கும் தெரியாது. இது இங்கே மட்டும் இல்லை, 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். திருத்தி அனுப்புவதற்காகக் கட்டிய இடத்தில், இன்னும் தப்பே நிரூபிக்கப்படாதவர்களைக் காத்திருக்க வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. என் வகுப்பில் ஒருவன் மதிய இடைவேளையில் அவனாகவே சொன்னான். அவனும் அவன் கூட்டாளியும் ஒரே ராத்திரி, ஒரே வண்டி. அவனுக்கு 18 முடிந்து சில வாரம், கூட்டாளிக்கு 18 ஆக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கூட்டாளியைக் கூர்நோக்கு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள், இளைஞர் நீதிக் குழுமம் விசாரித்தது, ஜாமீனும் சீக்கிரம் கிடைத்துவிட்டது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது: சிறுவனுக்கு ஜாமீன்தான் விதி. அவன் மேல் பதிவாவதும் பிற்காலத்தில் அவன் வேலைக்கோ படிப்புக்கோ தடையாக நிற்கக் கூடாது. 16 முதல் 18 வரை உள்ளவர்கள் மிகக் கொடிய குற்றத்தில் சிக்கினால்தான் கதை வேறு. இவனுக்கு அது எதுவும் கிடையாது. இவனுக்கு எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட், வாய்தா. பின்னாளில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டால், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்திருந்தாலும் கூட தள்ளிவிடுவார்கள்.

எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அது எனக்கும் தெரியும். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவுடன் பையன் ஒரே ராத்திரியில் பெரிய மனுஷன் ஆகிவிடுவதில்லை என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. 1958-ல் வந்த நன்னடத்தைச் சட்டத்தில், 21 வயதுக்குக் குறைந்தவனை ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றத்துக்காகச் சிறைக்கு அனுப்புவதானால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, வேறு வழி ஏன் சரிவராது என்று நீதிபதி காரணம் எழுதியாக வேண்டும். வழக்கு முடிகிற அன்றைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. முடிகிற வரைக்கும் உள்ளே இருந்த மாதங்களுக்கு யாரும் காரணம் எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் எண்ணிக்கை சரியாக இருந்தது. களைப்பு. சீக்கிரம் படுக்கிறேன்.

வியாழன்

கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதற்குக் கீழே மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, வந்தவர்கள். பெரும்பாலும் அம்மாக்கள், சில அக்காமார், ஒரு கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண். அப்பாக்கள் மிகக் குறைவு. ஆதார் ஜெராக்ஸ், மனுச் சீட்டு, ஒரு பையில் பிஸ்கட், பழம். உள்ளே போய் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மகனிடம் கத்திப் பேசிவிட்டு வர வேண்டும்.

கொலுசுப் பட்டறைப் பையனின் அம்மாவும் அங்கே இருந்தார். அவனுக்கு ஜாமீன் உத்தரவு வந்து நாளாகிவிட்டதாம். ஷூரிட்டி, அதாவது பிணை நிற்க ஆள், கிடைக்கவில்லை. இரண்டு பேர் வேண்டும், சொத்து வரி ரசீதோ வேறு ஆவணமோ வேண்டும். "வாடகை வீட்டுல இருக்கறவளுக்கு யாருங்க தம்பி கையெழுத்துப் போடுவாங்க? சொந்தக்காரங்க போனையே எடுக்க மாட்டேங்கறாங்க" என்றார். அழவில்லை. அழுது முடித்தவர் மாதிரி இருந்தார்.

இதே சிக்கல் 1978-லேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மோதிராம் என்று ஒரு கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணனோ தம்பியோ உடன்பிறந்தவர் முன்வந்தார், அவரும் அவர் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்துவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த உத்தரவைக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் வேப்பமரத்தடியில் அதே பேச்சு.

தெரியாதவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, காசு வாங்காமல் வக்கீல் கொடுப்பார்கள், கோர்ட் வளாகத்திலேயே கேட்கலாம். சாதாரண வழக்குகளில் 60 நாளுக்குள், பெரிய குற்றம் என்றால் 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தில், முதல் தடவை சிக்கியவன் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளேயே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். தூக்கு, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளும், இன்னொரு வழக்கு நிலுவையில் இருப்பவர்களும் இதில் வர மாட்டார்கள். இந்த நாள் கணக்கையெல்லாம் வீட்டில் ஒருவர் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஆணைக்குழு வக்கீல் ஒருவர் ஏற்கெனவே ஷூரிட்டியைக் குறைக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறார் என்றார். மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கான உத்தரவு வந்துவிட்டது. பையனைக் கூப்பிட்டார்கள். கையில் கிளட்ச் பிளேட் இருந்தது. அதை வரிசைப்படி துணியில் அடுக்கி வைத்துவிட்டு, "மாஸ்டர், நாலாவது பிளேட்டு தேஞ்சிருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் கற்றுக்கொண்டது பாதியில் நிற்கிறது. இந்தப் படிப்பு சுவருக்குள் மட்டுமே இருந்தால், விடுதலைதான் அதற்கு முடிவு என்றாகிவிடும். உள்ளே ஆரம்பித்ததை வெளியே ஒருவர் தொடர வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் அவன் அம்மாவின் நம்பரை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளி

கடைசி வகுப்பு. ஒரு வண்டியில் நானே ஐந்து கோளாறு வைத்தேன், கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்டுபிடித்தார்கள். சான்றிதழ் கொடுத்தோம். அதில் சிறைத்துறை, பள்ளி, எந்தப் பெயரும் இல்லாமல் பயிற்சி கொடுத்த அறக்கட்டளையின் பெயர் மட்டும் இருக்க வேண்டும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அதிகாரியும் மறுப்புச் சொல்லாமல் ஒத்துக்கொண்டார். எங்கள் ஊர் திருச்சியில் மத்திய சிறைக்குள்ளேயே ஐ.டி.ஐ. நடக்கிறது, நீண்ட தண்டனைக்காரர்களுக்கு அது நல்ல வழி. இந்தப் பையன்களுக்கு, எந்த நாள் போனாலும் அதுவரை கற்றதற்கு ஒரு தாள் கையில் கிடைக்கிற மாதிரி சின்னச் சின்னப் பாடமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பிரேக் ஒரு தாள், கிளட்ச் ஒரு தாள், வயரிங் ஒரு தாள். அடுத்த தடவை அப்படித்தான்.

வார்டர் கேட் வரைக்கும் வந்தார். வண்டி ஜெட்டை மாற்றிவிட்டாராம், சோக் இல்லாமல் எடுக்கிறதாம்.

சனி, ஏற்காடு

முன்பு என்னிடம் இதே மாதிரி உள்ளே கற்றுக்கொண்ட ஒருவன் இப்போது ஏற்காட்டில் ஒரு பட்டறையில் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் மலை ஏறினேன்.

அஸ்தம்பட்டி தாண்டி பஸ் போகும்போது மத்திய சிறை. 1862-ல் கட்டியது. 1950 பிப்ரவரி 11 அன்று இந்தச் சுவருக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப் போனார்கள். சேலத்துக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. ஏற்காட்டுக்கு டூர் போகிற எல்லா வண்டியும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது.

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ஏற ஏறக் காற்று மாறுகிறது, காபிச் செடியும் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும். சனிக்கிழமை என்பதால் ஏரிப் பக்கம் நிற்க இடமில்லை. நான் ஏரிக்குப் போகவில்லை, சேர்வராயன் கோயிலுக்கும் போகவில்லை. நேராகப் பட்டறை.

இங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. கீழே இருந்து பைக்கில் வருகிற பையன்கள் இறங்கும்போது நான்காவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே போகிறார்கள். டிரம் சூடாகி, ஷூ கண்ணாடி மாதிரி வழவழப்பாகி, அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாவது கியரில் இஞ்சின் பிடியில் இறங்க வேண்டும். அவன் கடை முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொருத்தருக்கும் அதைச் சொல்கிறான். "பாதிப் பேர் கேக்க மாட்டேங்கறாங்க மாஸ்டர். கேக்காதவங்களுக்கும் ஷூ பாத்துத்தான் அனுப்பறேன்."

முதலாளி ஐம்பது தாண்டியவர், எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார், எனக்கு அது பெரிய பாடம். "வந்த அன்னைக்கே சொல்லிட்டேன், ஆறு மாசத்துக்கு நீ கல்லாப் பக்கம் வரக் கூடாதுன்னு. அவனை நம்பாம இல்லைங்க. கல்லாவுல அம்பது ரூபா குறைஞ்சா மத்தவங்க முதல்ல யாரைப் பாப்பாங்க? அவனைத்தான். அந்தப் பேச்சே வரக் கூடாதுன்னுதான்." ஆறு மாதம் முடிந்ததும் சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாராம். இப்போது காலையில் கடை திறப்பது அவன்தான்.

அவன் உள்ளே இருந்தது ஊரில் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். முதலாளிக்கு மட்டும். அது போதும் என்றார் அவர்.

கீழே இறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்து, கொலுசுப் பட்டறைப் பையனின் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

ஞாயிறு

அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர். காலையிலேயே அவரைப் போய்ப் பார்த்தோம், பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையன் சலவைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரியிருந்தான். முன்கூட்டியே எல்லாவற்றையும் பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டேன், மறைத்து வேலை வாங்கிக் கொடுத்தால் பின்னால் அவனுக்குத்தான் கெடுதல்.

அவருக்குச் சம்மதம். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஜாமீன் நிபந்தனை: தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். பட்டறையில் கூட்டம் வருகிற நேரமே அதுதான். இந்தக் கையெழுத்துக்காகவே எத்தனை பையன்களுக்கு வேலை கிடைக்காமல் போகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். நடுக் காலையில் தினமும் ஒன்றரை மணி நேரம் காணாமல் போகிறவனை எந்தக் கடையில் வைத்துக்கொள்வார்கள்? கையெழுத்தைக் காலை எட்டுக்கோ சாயங்காலம் ஆறுக்குப் பிறகோ வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு இருந்தார். "சரி, காலையில ஏழரைக்கு வா. பத்துக்குக் கிளம்பிக்க, பதினொன்றரைக்குள்ள வந்துடு. சாப்பாடு இங்கயே. சம்பளத்துல பிடிக்க மாட்டேன்" என்றார். நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட முடியும், அதை ஆணைக்குழு வக்கீலிடம் கேட்கச் சொல்லி அம்மாவிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாளையிலிருந்து வேலை.

நான் மத்தியானம் கிளம்புகிறேன். அடுத்த வகுப்புக்குப் பழைய பிஎஸ்-6 இஞ்சின் ஒன்று வேண்டும், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, த்ராட்டில் பாடியும் சென்சார்களும் இருந்தால் போதும். சேலம், நாமக்கல், திருச்சிப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறவர்கள் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள், நானே வண்டி எடுத்துக்கொண்டு வந்து ஏற்றிக்கொள்கிறேன். ஒரு பையனை எடுத்துக்கொள்ளத் தயார் என்றால் அதையும் சொல்லுங்கள்.